இரண்டாம் மாடிக் கடல்

எங்கள் துறையில் பதினோரு வருஷமாக யாரும் எங்கேயும் போனதில்லை. துறையின் பெயர் பயணியர் விடுதி ஆய்வுத் துறை. மலையிலும் காட்டிலும் கடலோரத்திலும் இருக்கிற அரசாங்க விடுதிகளுக்கு நேரில் போய், கூரை ஒழுகுகிறதா, கட்டில் ஆடுகிறதா என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. அதற்காக நாற்பத்து மூன்று பேர் தினமும் காலையில் வந்து, தங்கள் நாற்காலி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருவார்கள்.

காரணம் ஒரு சுற்றறிக்கை. ‘புகைப்படச் சான்று இல்லாத ஆய்வுப் பயணம், பயணமாகக் கருதப்படமாட்டாது.’ அது வந்த நாளில் துறையிடம் கேமரா கிடையாது. வாங்க வேண்டும் என்று அன்றைக்கே கோப்பு போட்டார்கள். அந்தக் கோப்பு மூன்று தொகுதிகளாகப் பெருத்து என் அலமாரியில் இருக்கிறது. நான் பதிவறை எழுத்தர். என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உண்டு. மற்றபடி எல்லாருக்கும் நான் ‘ரெக்கார்டு’.

என் மனைவி கடலைப் பார்த்தது இந்தக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே துறையைத் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோராவது வருஷத்தில் இரண்டு சின்ன கேமராக்கள் மாதிரிக்காக வந்து சேர்ந்தன. ஒன்றுக்கு ‘அ’, இன்னொன்றுக்கு ‘ஆ’ என்று சீட்டு ஒட்டினார்கள். ‘அ’ கறுப்பு. சோப்புப் பெட்டி அளவு, சட்டைப்பையில் போட்டால் தெரியாது. ஆனால் அதற்கென்று தனி பேட்டரி, தனி சார்ஜர். மின்சாரம் இல்லாத விடுதியில் அது வெறும் சோப்புப் பெட்டிதான். ‘ஆ’ வெள்ளி நிறம், கொஞ்சம் தடி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பேனா பேட்டரியில் ஓடும், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும். இதில் பயணத்துக்கு எது தோது என்று ஊர் சுற்றுகிற ஒருவரைக் கேட்டால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். எங்களிடம் அப்படி யாரும் இல்லாததால் குழு அமைத்தார்கள்.

சிறு கேமரா ஒப்புநோக்குக் குழுவுக்கு இயக்குநர் தலைவர். கண்காணிப்பாளர் செயலர். இவருக்கு ‘அடிக்கோடு’ என்று பெயர். எதைப் படித்தாலும் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போடுவார். அவருடைய கல்யாணப் பத்திரிகையிலும் கோடு போட்டிருந்தாராம். மூன்றாவது ஆள் ஸ்டோர் கீப்பர். கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் நிற்பது நான்.

முதல் கூட்டத்தில் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். “பயணக் கேமராவைப் பயணத்துலதான் சோதிக்கணும். ஆனா கேமரா இல்லாம நாம பயணம் போக முடியாது. இதுக்கு என்ன சொல்றீங்க?”

அடிக்கோடுதான் வழி கண்டுபிடித்தார். “வளாகத்துக்குள்ளேயே பயணம் போயிடலாம் சார். எவ்வளவு தூரம் போகணும்னு சுற்றறிக்கையில இல்லை.”

மறுநாள் அட்டைகள் மாட்டப்பட்டன. மாடிப்படிக்கு ‘மலை’. ஏழு வருஷமாக ஓடாத லிஃப்டின் கதவுக்குப் ‘பழைய கோட்டை’. இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் தண்ணீர்த் தொட்டி எப்போதும் ஒழுகி, தரையில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அங்கே ‘கடல்’.

அடுத்தது, பயணியாக நிற்பது யார்? இரண்டு கேமராவும் ஒரே ஆளை எடுத்தால்தானே ஒப்பிட முடியும். ஊழியர் யாராவது வேலை நேரத்தில் பயணியாக நின்றால் அவர் இருக்கையில் இல்லை என்றாகும், ஆப்சென்ட் போட வேண்டும். இந்தச் சிக்கலை ஒன்றேகால் மணி நேரம் அலசிக்கொண்டிருந்தபோதுதான் கதவோரம் என் மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் என் சாப்பாட்டு டப்பா. வாரத்தில் மூன்று நாள் நான் அதை மறந்துவிட்டு வருவேன், அவள் கொண்டுவந்து கொடுப்பாள்.

“அந்தம்மா யாரு?” என்றார் இயக்குநர்.

“என் வீட்டுக்காரி சார்.”

“ஊழியர் இல்லையே?”

“இல்லை சார்.”

“பயணியா போட்டுக்கோ.”

வீட்டுக்குப் போனதும் அவள் பரணிலிருந்து பயணப் பையை இறக்கினாள். மகள் கல்யாணம் முடிந்த கையோடு வாங்கியது. ஒரு வாரம் கடலோரம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று பேசிக்கொண்டோம். அப்புறம் எனக்கு லீவு கிடைக்கவில்லை, அப்புறம் கேட்கவில்லை, அப்புறம் ‘ரிட்டயர் ஆனதும்’ என்று ஆகிப்போனது. பைக்குள் கடைக்காரன் திணித்த காகிதம் அப்படியே இருந்தது. கடலைப் பார்க்காமலே ஐம்பத்திரண்டு வயது ஆகிவிட்டிருந்தது அவளுக்கு.

“நெசமாவே என்னைப் பயணியாவா போட்டோ எடுக்கப் போறாங்க?”

“ஆமா. லிஃப்ட் முன்னாடி நிக்கணும்.”

“எங்கேயோ ஒரு இடம். கெளம்பிப் போனாச் சரி.” காகிதத்தை எடுத்துவிட்டு, இரண்டு துணி மடித்து, ஒரு துண்டும் வைத்தாள். கடலுக்குப் போகிறவர்கள் துண்டு வைத்துக்கொள்வார்களாம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு முன்பல் ஒன்று உடைந்திருக்கும். பத்தொன்பது வயதில் அடிபம்பின் பிடி எகிறி அடித்தது. அதிலிருந்து எந்தப் படத்திலும் அவள் வாயைத் திறந்ததில்லை. எங்கள் கல்யாணப் படம், குடும்ப அட்டைப் படம், மகளின் கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ திட்டிவிட்ட மாதிரி நிற்பாள். வீட்டில் சிரிக்கும்போதும் கை தானாக வாய்க்குப் போய்விடும். அந்தக் கையை நான் எத்தனையோ முறை இழுத்திருக்கிறேன், அதற்குள் சிரிப்பு போய்விடும்.

சோதனை நாளன்று பயணியர் பதிவேட்டை அடிக்கோடு விரித்து வைத்துக்கொண்டார். “புறப்பட்ட இடம்?”

“வீடு” என்றாள்.

“சேருமிடம்?”

அட்டையைப் பார்த்துவிட்டு, “கடல்” என்றாள்.

“திரும்பும் நேரம்?”

“நாலு மணிங்க. குழாய்ல தண்ணி வந்துரும்.”

அதையும் எழுதிக் கோடு போட்டார். பயணி திரும்பிவிட்டதாகப் பதிவாகும்வரை பயணக் கோப்பை மூடக் கூடாது, கழித்து அழிக்கவும் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் அந்தப் பத்தியில் மட்டும் அவர் எப்போதும் கண்டிப்பு.

குழு பார்வையிட வேண்டும், பார்வையிடுகிறவர்களே பொத்தானையும் அமுக்கினால் நடுநிலை கெட்டுவிடும். ஆகவே என்னை அமுக்கச் சொன்னார்கள். ஒற்றைப்படை எண் ‘அ’, இரட்டைப்படை ‘ஆ’. மலையில் ஆறு, கோட்டையில் ஆறு. பன்னிரண்டிலும் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். கடலுக்கு வந்ததும் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“பயணி ஏன் காலணியைக் கழட்டறாங்க?” என்றார் அடிக்கோடு.

“கடல்ல போய் யாராவது செருப்போட நிப்பாங்களா?” என்றாள் அவள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

இயக்குநர் யோசித்தார். “சரிதான். குறிச்சுக்கோங்க.”

பதின்மூன்றாவது படம் ‘அ’வில். டக்கென்று பதிந்தது, இறுகின வாய்தான். பதினான்காவது ‘ஆ’. நான் அமுக்கிவிட்டு, “ஆச்சு” என்றேன். அவளும் ஆயிற்று என்று உடம்பைத் தளர்த்தினாள். அந்தக் கேமராவுக்கு ஒரு குணம், அமுக்கி ஒன்றரை நொடி கழித்துத்தான் படம் எடுக்கும். அந்த நேரம் பார்த்துத் தொட்டித் தண்ணீர் இயக்குநர் பக்கமாக ஓடிவர, அவர் கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, “அலை வருது, அலை வருது” என்று பின்னால் போனார். அவள் பார்த்துவிட்டாள். ஒரு கையில் பை, ஒரு கையில் செருப்பு. வாயை மூடக் கை இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள், அப்போதுதான் கேமரா கிளிக் என்றது.

முதுகுப் பக்கத் திரையில் அந்தப் படம் மூன்று நொடி நின்றது. நான் பார்த்தேன்.

“ஐயோ, அதை அழிச்சிருங்க சார்” என்றாள் அவள்.

“சோதனைப் படத்தை அழிக்க முடியாதும்மா” என்றார் இயக்குநர், கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே. “அது அரசாங்கத்தோடது.”

கடல் பொங்கிவிட்டதால் முதல் சுற்றுச் சோதனை அத்தோடு நின்றது. படியிறங்கும்போது கேட்டாள். “என்னங்க, அதுல எப்படி இருந்தேன்?”

“நல்லா இருந்தே.”

“பொய்.”

“நெசமா.”

இன்னும் இரண்டு படி இறங்கி நின்றாள். “அப்படின்னா நெசக் கடலுக்குப் போகும்போதும் ஒண்ணு எடுங்க. கை ரெண்டுலயும் எதையாவது புடிச்சுக்கறேன்.” நாலு மணிக்குக் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதிலிருந்து பத்தொன்பதாவது நாள் காலையில், கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போடும்போது விழுந்தாள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். எனக்குத் துறைமேல் எவ்வளவோ கோபம் உண்டு. இதை மட்டும் அதன் தலையில் கட்ட முடியவில்லை. கட்ட முடிந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து அலுவலகம் போன அன்று மேஜையில் ஒரு குறிப்பாணை இருந்தது. ‘இரண்டாம் சுற்றுச் சோதனைக்குப் பயணி கடல் பகுதியில் ஆஜராகவில்லை. பதிவேட்டில் புறப்பாடு முன்கூட்டியே பதியப்பட்டுள்ளது. திரும்பும் உத்தேச தேதியைத் தெரிவிக்கவும்.’ உத்தேச தேதிக்குக் கீழே இரண்டு கோடு. அடிக்கோடு என் வீட்டுக்கு வந்து, தலைமாட்டில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்தான். அது வேறு, இது வேறு. பயணி இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினேன். இறப்புச் சான்றிதழ் நகல் இணைக்கப்படவில்லை என்று திரும்பி வந்தது. இணைத்தேன். திரும்பும் தேதிப் பத்தி காலியாக உள்ளது என்று மறுபடி வந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை.

மாட்டுவதற்குப் படம் தேடி மகள் ஆல்பத்தை எல்லாம் புரட்டினாள். புரட்டிவிட்டு அழுதாள். “அப்பா, அம்மா இப்படியா இருந்தாங்க? எல்லாத்துலயும் யாரோ மாதிரி இருக்காங்கப்பா.”

அப்போதுதான் பதினான்காவது படத்தைப் பற்றிச் சொன்னேன். பை, செருப்பு, இயக்குநரின் முழங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையோடு சிரித்தாள். “பல்லு தெரியுதா?”

“தெரியுது.”

“எனக்கு அது வேணும்ப்பா. வேற எதுவும் வேண்டாம்.”

நான் போய் அடிக்கோட்டிடம் கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். முடிவு எடுக்கும்வரை சோதனைப் படம் இரகசியம். பிரதி கூடாது, கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கவும் கூடாது. முடிவு எடுத்தபின், தேறிய கேமரா துறைக்கு வரும். தேறாத கேமராவை, வந்த நிலையிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

“வந்த நிலைன்னா?”

“படம் இல்லாத நிலை” என்றார். “‘ஆ’வுக்குத் தாமதக் குறை இருக்கே, ரெக்கார்டு. தேறாது.”

இருபத்தாறு வருஷம் எத்தனையோ கூட்டத்தில் மூலையில் நின்றிருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. இறுதிக் கூட்டத்தில் இயக்குநர், “அப்போ ‘அ’ தானே?” என்று பேனாவைத் திறந்ததும் வாயைத் திறந்துவிட்டேன்.

“சார், ஒரு விஷயம்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அலமாரி பேசினால் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

“அமுக்கின உடனே எடுத்தா, ஆளு வெறைச்சுக்கிட்டு நிக்கறதுதான் விழும் சார். கொஞ்சம் விட்டு எடுத்தாத்தான் நெசமான ஆளு விழும். தாமதம் குறை இல்லை சார்.”

இயக்குநர் பேனாவை மூடினார். அறிக்கையை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோனது. “தாமதத்தைக் குறைகள் பத்தியில எழுதினது யாரு?”

அடிக்கோடு ஸ்கேலை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

“இந்தக் கோப்புக்கே பதினோரு வருஷம். அப்ப அதுவும் குறையா? நாளைக்கு யாராவது படிச்சா நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்? நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு முடிவைக்கூட அவசரப்பட்டு எடுத்ததில்லை. அதனால ஒரு தப்பும் நடக்கலை. என் காலத்துல ஒரு விடுதி இடிஞ்சு விழுந்ததுன்னு ஒரு வரி அறிக்கை உண்டா? கிடையாது. போய்ப் பார்த்தாத்தானே அறிக்கை வரும்! நிதானம்தான் இந்தத் துறையோட உயிர்நாடி. அந்த நிதானம் ஒரு மிஷினுக்கு இருக்கு, அதைப் போய்க் குறைன்னு எழுதறீங்க.”

‘ஆ’ ஏகமனதாகத் தேறியது. பதினோரு வருஷக் கோப்பு நான்கு நிமிஷத்தில் முடிந்தது. கூட்டம் கலைந்ததும் மகளுக்குப் போன் பண்ணி, “கிடைச்சிரும்மா” என்றேன். என் போனில் பேச மட்டும்தான் முடியும், படமெல்லாம் வராது. ஆகவே கடையில் ஒரு பிரதி போட்டு நேரிலேயே எடுத்து வருவதாகச் சொன்னேன். அன்று மத்தியானம் சாப்பாடு உள்ளே இறங்கியது. பல நாளாக இறங்காமல் இருந்தது.

மறுநாள் காலை ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர் ‘ஆ’வைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “உன் கேமரா, ரெக்கார்டு. பதிவு போட்டாச்சு, பாரு.”

“உள்ள இருக்கிற படம் ஒண்ணு வேணும் சார். இயக்குநர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன்.”

“படமா? எல்லாத்தையும் நேத்தே எடுத்துட்டேனே. புதுசுன்னு பதிவேட்டுல ஏத்தணும்ல. உள்ளே ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டு இருந்தா, தணிக்கைக்கு வர்றவன் உபயோகிச்ச கேமரான்னு எழுதிருவான்.” அவருக்குத் திருப்தி போதவில்லைபோலும், மேலும் சொன்னார். படம் பதிகிற கார்டு சுத்தமாகக் காலியா என்று சோதிப்பதற்காக, அது நிரம்பும்வரை ஸ்டோர் அலமாரியையே திரும்பத் திரும்பப் படம் எடுத்து, அதையும் அழித்திருக்கிறார். “ஒரு பொட்டுகூட இருக்காது” என்றார்.

எழுதி வாங்கிய தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் கை துடைப்பதை நிறுத்தியது. “அந்த அம்மா...” என்றார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “எனக்குத் தோணவே இல்லையேப்பா.”

அவருக்குப் பின்னால் ‘திருப்பி அனுப்ப வேண்டியவை’ என்று ஒரு தட்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் தேறாமல் போன மின்விசிறி ஒன்று, தட்டச்சு மிஷின் ஒன்று, அவற்றின் பக்கத்தில் புதிதாகக் கறுப்புக் கேமரா. சோதனைக்குப் பின் போட்டு ஒட்டிய உறையை யாரும் பிரிக்கவில்லை. எங்கள் துறை இதுவரை எதையும் திருப்பி அனுப்பியதில்லை. ‘அ’வுக்குள் அவள் ஒன்று, மூன்று, ஐந்து என்று பதின்மூன்றுவரை உதட்டை இறுக்கிக்கொண்டு பத்திரமாக இருந்தாள். ‘ஆ’ தோற்றிருந்தால் அதுதான் அந்தத் தட்டில் இருந்திருக்கும், அவள் அங்கே சிரித்துக்கொண்டிருப்பாள். நான் வாழ்நாளில் ஒரே ஒருமுறை அலுவலகத்தில் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம்.

நாலு நாள் கழித்து, முடிந்த கோப்பு என் அறைக்கு வந்தது. கேமரா கோப்புகளை மூன்று வருஷம் வைத்திருந்து கழித்துவிட வேண்டும். கயிறு கட்டும் முன் ஒருமுறை பக்கம் பார்ப்பது வழக்கம். அறுநூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அடிக்கோட்டின் கையெழுத்தில் அறிக்கை இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பத்தி. அவர் எதையும் விடுகிறவர் இல்லை.

மகளுக்குப் போன் பண்ணினேன். படம் போய்விட்டதைச் சொன்னேன். “இரும்மா, ஒண்ணு படிக்கிறேன்” என்று படித்தேன்.

“படம் எண் பதினான்கு. இடம், கடல். குறைகள். ஒன்று, பயணி கேமராவைப் பார்க்கவில்லை, இடது பக்கம் பார்க்கிறார். இரண்டு, வாய் முழுவதும் திறந்துள்ளது. மூன்று, மேல்வரிசையில் முன்பல் ஒன்று பாதி இல்லை, அது மறைக்கப்படவில்லை. நான்கு, கண்கள் சுருங்கி ஏறக்குறைய மூடியுள்ளன, இரண்டிலும் ஈரம் உள்ளது. ஐந்து, நெற்றியில் முடி கலைந்துள்ளது. ஆறு, தலை பின்னால் சாய்ந்துள்ளதால் கழுத்து நரம்பு தெரிகிறது. ஏழு, வெறுங்கால். வலது காலின் கட்டைவிரல் தண்ணீருக்கு மேல் தூக்கியுள்ளது. எட்டு, பயணி சோதனையில் இருப்பதை மறந்துவிட்டதாகத் தெரிகிறது.”

எல்லா வரிக்கும் கீழே சிவப்புக் கோடு.

“கட்டைவிரல்...” என்றாள் மகள். அவள் அம்மா சிரித்தால் கால் கட்டைவிரல் தானாகத் தூக்கிக்கொள்ளும். அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தோம். “இன்னொரு தடவை படிங்கப்பா.”

மெதுவாகப் படித்தேன். அவள் அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் கோப்பின் மேலட்டையை எடுத்துவைத்துக்கொண்டேன். ‘எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்’ என்ற இடத்தில் மூன்று என்று போட்டிருந்தது. அதை அடித்துவிட்டு ‘நிரந்தரம்’ என்று எழுதினேன். திருத்தினால் காரணம் எழுத வேண்டும். அதையும் விதிப்படியே எழுதினேன்: ‘பயணி இன்னும் திரும்பவில்லை.’